நீர் நோக்கிய அறை

படத்தில் கண்மாய் இருந்தது.
வராந்தாத் தூண்களின் நிழல்
தண்ணீருக்குள் இறங்கி நெளிந்துகொண்டிருந்தது.
மூன்று இரவு, நாலு அறை, பத்துப் பேர்.
காலைப் பலகாரம் உண்டு.
நூறு வருடத்துத் தோட்ட வீடு.
எல்லா அறையும் நீர் நோக்கியவை.

கோனாபட்டு தாண்டி
மண்பாதையில் வண்டி திரும்பியபோதே
பின்சீட்டில் என் மகன்
ரப்பர் வாத்துக்கு ஊதத் தொடங்கியிருந்தான்.

வீடு இருந்தது, படத்தில் உள்ளபடி.
படித்துறையும் இருந்தது.
பதினேழு படி.
பதினேழாவதுக்குக் கீழே
வெடித்த சேறு, ஆட்டுப்புழுக்கை,
இடுப்புயரக் கருவேலங்கன்றுகள்,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

"அது மார்கழியில எடுத்த போட்டோங்க"
என்றார் சாவி வைத்திருந்த சவரியப்பன்.
"கண்மாய் எங்கயும் போகல.
தண்ணிதான் வரல."

அண்ணன் உடனே போனை எடுத்தான்.
முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று
எண் போட்டு எட்டுக் காரணம் எழுதினான்.
பழக்கம்தான்.
ஆறு வருடம் நடந்தது
திண்டுக்கல் வீட்டுக்கு நாங்கள் மூவரும் போட்ட வழக்கு.
கிணறு யாருக்கு என்பதற்கு மட்டும்
பதினாலு வாய்தா.
கிணறு மூவருக்கும் பொது என்று தீர்ப்பு வந்தபோது
கிணறு வற்றி இரண்டு கோடை ஆகியிருந்தது.

இங்கே அறை பிரிக்க
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
"ஏசி ரூமைக் குஞ்சரி எடுத்துக்கட்டும்,
புள்ளைக்கு வேர்க்குரு."
இப்படி ஒரு வாக்கியம்
அன்றைக்கு அவன் சொல்லியிருந்தால்...
பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

இருபத்தைந்தாயிரத்தை மூன்றால் வகுத்தோம்.
மீதி ஒரு ரூபாய்.
"அத நான் போடுறேன்" என்றாள் குஞ்சரி.
கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் அண்ணிக்குப் புரையேறியது.

நாலு அறை போக ஐந்தாவது ஒன்று
பூட்டி, பூட்டின் மேல் அரக்கு வைத்து.
குஞ்சரி கதவில் காது வைத்தாள்.
"உள்ள ஃபேன் ஓடுது."

சவரியப்பனுக்கு அது செய்தியே இல்லை.
"அம்பத்திரெண்டு பங்குங்க இந்த வீட்டுக்கு.
அந்த ரூமுக்கு மட்டும் முடிவாகல.
சண்டை போட்ட அன்னைக்கி அணைக்காமப் பூட்டிட்டாக.
எட்டு வருசம்.
கரண்டு பில்லு பொதுவுல."

இரவு முழுக்க எனக்கு அது கேட்டது.
ஆளில்லாத கட்டிலுக்கு
அக்கறையாக ஓடும் காற்று.
மூன்று மணிக்கு எழுந்து வந்தேன்.
அண்ணன் அங்கே நின்றிருந்தான், அதே கதவில் காது வைத்து.
பார்த்தும் பார்க்காததுபோல்
ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு
படுக்கப் போனோம்.

மறுநாள் சாயந்தரம்
பிள்ளைகள் வாத்தைக் கயிறு கட்டி இழுத்தார்கள்.
புழுதியில் மிதந்து போனது அது,
முதுகில் என் மகன், துடுப்புக்கு ஒரு தென்னை மட்டை.
பின்னாலேயே நாங்களும் நடந்துபோய்விட்டோம்
குமிழி மடையின் இரட்டைக் கல் வரைக்கும்.

கல்லில் கோடு தெரிந்தது,
போன மழைத் தண்ணீர் நின்ற இடம்.
அண்ணன் கையை உயர்த்திப் பார்த்தான். எட்டவில்லை.
"ஏய், நாம அடியில நிக்கிறோம்" என்றாள் குஞ்சரி.

யார் முதலில் மூக்கைப் பிடித்தது தெரியவில்லை.
கிணற்றில் முங்கும்போது செய்வதுபோலக்
கன்னத்தை உப்பி
கண்ணை மூடி
மூன்று பேரும்.
என் மகன் வாத்திலிருந்து எண்ணினான்.

பத்தொன்பதில் நான் மேலே வந்துவிட்டேன்.
முப்பத்திரண்டில் குஞ்சரி, இருமிக்கொண்டு.
அண்ணன் வரவில்லை.
முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து,
காதோரம் நரையில் புழுதியோடு நின்றான்.

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
பணத்தைப் பற்றிய பதிலாக இருக்கும்.
தண்ணீருக்கடியில் இருந்ததால்
எடுக்கவில்லை.