மீதிக் கடல்

மூன்று வருடமாய் எங்கள் வரைபடத்தில்
கோட்டுக்கு அப்பால் வெள்ளை.
மண்டபத்திலிருந்து போய், முங்கி,
அரை மீட்டர் சட்டத்துக்குள் தாழை எண்ணியதெல்லாம்
அந்தக் கோட்டோரம் அறுந்து கிடந்தது.

நேற்று ராத்திரி பேசாலையிலிருந்து
மெற்றில்டா அனுப்பினாள் மீதிக் கடலை.
அவள் கணக்கு சதவீதத்தில்,
என்னுடையது தண்டு எண்ணிக்கையில்.
பொருத்தி முடிப்பதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

ஆவுளியா மேய்ந்த தடம்
ஒரு சாண் அகலம், வளைந்து வளைந்து,
மூச்செடுக்க மேலே போன இடங்களில் விட்டுவிட்டு,
கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது.
காகிதத்தில் எங்களுக்கு அது கடல்பசு,
சிங்களத்தில் கடல்பன்றி என்கிறார்களாம்.
எந்தப் பேருக்கும் அது திரும்பிப் பார்த்ததில்லை.

இன்னொரு தடமும் தாண்டியிருக்கிறது.
அகலமாய், நூல் பிடித்தாற்போல்,
வேரோடு வழித்துக்கொண்டு
எங்கள் பக்கமிருந்து.

‘இது என்ன மிருகம்?’
என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.
அவளுக்குத் தெரியும்.

கொல்லையில் என் கொழுந்தன்
கிழிந்த மடியைத் தைத்துக்கொண்டிருக்கிறான்,
நாளைக்குப் படகு.
கண்ணிகளில் காய்ந்த தாழை.
ஒரு தண்டை உருவியெடுத்து
அளவுகோலை ஒட்டி வைத்துப் படம்பிடித்தேன்.
அவன் எதற்கென்று கேட்கவில்லை.

அனுப்பிவிட்டேன்.