பென்சிலால்தான்

லூவன் நிலையத்தில் ரயில் ஒரு நிமிடம் நின்றது.
ஜன்னலை யாரோ தட்டினார்கள்.
நல்ல கோட்டு போட்ட ஒருவன்
நடைமேடைத் தரையைக் காட்டி
ஏதோ சொல்கிறான், கண்ணாடிக்குள் கேட்கவில்லை.
யாருடைய கையுறையோ விழுந்திருக்கும் என்று
அன்னலோரே குனிந்து பார்த்தாள்.
அவ்வளவுதான்.
நிமிர்ந்தபோது தலைக்கு மேல் தட்டில்
குடை மட்டும் கிடந்தது.

எனக்கு அழைப்பு வந்தது ஐந்து இருபதுக்கு.
மற்ற இடங்களில் முதலில் போலீஸ்,
எங்கள் அலுவலகத்தில் முதலில் நான்.
தொலைத்ததற்குத் திட்ட மாட்டேன்,
தாமதமாகச் சொன்னால் திட்டுவேன் என்று
அப்படிப் பழக்கியிருந்தேன்.

எங்கள் வேலையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்:
அடிக்கிற கணவனிடமிருந்து வெளியேறும் பெண்களுக்கு
வீடு பார்த்துக் கொடுக்கிறோம்.
பதினான்கு வீடுகள்.
அழைப்புமணிக்குப் பக்கத்தில் பெயர் கிடையாது.
பதினான்கு முகவரியும்
அந்த மடிக்கணினிக்குள் இருந்தன.

மூன்று வருடமாக எல்லோருக்கும் நான் ஒரு தொல்லை.
காபி எடுக்கப் போனாலும் திரையைப் பூட்டு.
காரின் பின்பெட்டி அலமாரி இல்லை.
கடவுச்சொல்லுக்கு நான்கு வார்த்தை வேண்டும்,
நாய்க்குட்டியின் பெயர் ஆகாது.
என் பிறந்தநாள் கேக்கில்
க்ரீமால் ஒரு பூட்டு வரைந்து வைத்தார்கள்.
வெட்டிச் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அதனால் அன்று என் கை நடுங்கவில்லை.
வட்டு முழுவதும் குறியாக்கம் செய்தது.
அவள் கணக்கை முடக்கினேன்.
இணையத்தைத் தொட்ட கணமே
தன்னைத் தானே துடைத்துக்கொள்ளக் கட்டளை வைத்தேன்.
வரிசை எண்ணைப் போலீஸ் படிவத்தில் ஏற்றினேன்.
எடுத்தவனுக்குக் கிடைத்தது ஒரு கறுப்புத் தகடு,
ஐம்பது யூரோ போகும்,
பேரம் பேசினால் நாற்பது.
எல்லாம் பதினெட்டு நிமிடம்.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
நாற்காலியில் சாய்ந்து
சுகமாக இருந்தேன்.

"யோரன்" என்றாள்,
இன்னும் ரயிலடியில் நின்றபடி.
"பையில் ஒரு நோட்டும் இருந்தது."

என்ன நோட்டு?

சின்னது. பல் மருத்துவமனையில் சும்மா கொடுத்தது.
நேற்று ஃபியென் வீட்டுக்குப் போகும்போது
கணினியைத் திறக்கச் சோம்பல். மழை வேறு.
தெரு, எண், மூன்றாம் மாடி.
பென்சிலால்தான், என்றாள்,
பென்சில் என்றால் பாதி மன்னிப்பு என்பதுபோல.

நான் வைத்த கட்டளை எதுவும்
எட்டாத ஒரு தாள்.
அழிக்க ஒரு ரப்பர் போதும்,
தாள் யார் கையில் என்றுதான் தெரியாது.

இந்நேரம் குப்பையில் எறிந்திருப்பான்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அப்படித்தான்.
மீதி ஒன்றுக்காகத்தான்
நானும் அவளும் சம்பளம் வாங்குகிறோம்.

இரவு ஒன்பதரைக்கு வேனை ஓட்டிப் போனேன்.
ஃபியென் எதுவும் கேட்கவில்லை.
கதவோரம் இரண்டு பெட்டிகள் தயாராக நின்றன.
இவ்வளவு சீக்கிரம் கட்டிவிட்டீர்களா என்றேன்.
"பிரிக்கவே இல்லை" என்றாள்.
அந்த வீட்டுக்கு வந்து
நான்கு மாதம் ஆகியிருந்தது.

மெத்தையை நான் சுமந்தேன்.
அன்னலோரே ஆமைத் தொட்டியை அணைத்துக்கொண்டு
தண்ணீர் தளும்ப மூன்று மாடி இறங்கினாள்,
கோட்டின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

புது வீட்டின் படிக்கட்டில்
ஏழு வயது ஸெப் பள்ளி டைரியைத் திறந்தான்.
இந்த வீட்டு எண் என்ன?
அன்னலோரே அவன் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள்.
நான் குனிந்து அவன் காதில் சொன்னேன்.
டைரியை மூடிவிட்டுப்
படிக்கு ஒரு முறை
அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே ஏறினான்,
தப்பாமல்,
கடைசிப் படியில் கொஞ்சம் சத்தமாகவே.

என்ன எண் என்று
இங்கே எழுத மாட்டேன்.