முந்தைய கை

எல்லீஸ் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில்
நூற்றிருபது சொன்னதை எண்பதுக்குக் கேட்டேன்.
"அட்டைதான் இல்ல, கடைசிப் பக்கம் இருக்கு"
என்றார் கடைக்காரர், கல்யாணத் தரகர் மாதிரி.

முப்பத்தெட்டு வயதில் போக்கர் பழகுவது தாமதம்தான்.
ஞானசௌந்தரி பிரசவ விடுப்பில் போனதில்
ஆபீஸ் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு கை குறைந்தது.

அதற்கு முன் இலவசமாகவும் படித்துப் பார்த்தேன்.
கைபேசியில் ஒரு பையன்
கடைசி ரயிலைப் பிடிக்கப் போகிறவன்போல் பாடம் நடத்தினான்.
ஒரு செயலி பொய்க்காசு பத்து லட்சம் தந்தது;
குரோம்பேட்டையில் வாங்கியதைப்
பழவந்தாங்கல் வருமுன் தொலைத்தேன்.
எதிரே பெட்டிமேல் துண்டு விரித்து
ரம்மி ஆடும் கோஷ்டியில் ஒருவர்
என் திரையை எட்டிப் பார்த்தார்.
"இதுல செட்டு சேர்க்க வேணாமா?"
"வேணாம். சேர்ந்த மாதிரி இருந்தாப் போதும்."
அரைகுறை அறிவுக்குத்தான் எத்தனை துணிச்சல்.

எந்தக் கைக்கு எந்தக் கை பெரிது என்ற அட்டவணையை
ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து,
பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டினேன்.
புடவை எடுக்கும்போதெல்லாம் மனப்பாடம்:
ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒன்றுபோல்,
வரிசை, ஒரே சாதி.
அந்த இடத்தில் மட்டும் நாக்கு நின்று நகரும்.
எண்கள் எப்படியும் போகட்டும்,
ஐந்தும் ஒரே சாதி என்றால்
ஒழுங்காய் வரிசையில் நின்றவன் தோற்றானாம்.
இங்கேயுமா?

புத்தகத்துக்குள் ஒருவர் இருந்தார்.
பெயர் இல்லை. மழுங்கிய பென்சில்.
ஆங்கில வரிகளின் ஓரத்தில் தமிழில் முணுமுணுப்பு.
ஒன்பதாம் பக்கம்: பொறு.
முப்பத்தொன்றில்: பொறு என்றேனே.
பிளஃப் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
"புளுகு. ஓசைகூடப் பொருந்துதே!"
ஃபோல்டுக்கு "மடி" என்று எழுதி, கீழே,
"மடித்து வை. மடிந்து போகாதே."
கடைசியாய்த் திறக்கும் சீட்டுக்கு ரிவர் என்று பெயர்.
அங்கே ஒரு கேள்வி மட்டும்:
"அடையாறா, கூவமா?"
வாய்விட்டுச் சிரித்தேன்.
ரம்மி கோஷ்டி திரும்பிப் பார்த்தது.

கிண்டி எஸ்டேட்டில் ஷட்டரைப் பாதி இறக்கி ஆடுவோம்.
காசு கிடையாது, ஜெம் கிளிப்.
ஒன்று பத்து ரூபாய் மாதிரி.
மாதிரி மட்டும்.
ஸ்டோர்ஸ் சர்தார் பாஷா புளுகும்போது காதைத் தொடுவார்.
தெய்வநாயகி மேடத்துக்கு நல்ல சீட்டு வந்தால்
உடனே டீ வேண்டும்.
என் முகம் என்ன செய்கிறது என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

கடைக்காரர் சொன்ன கடைசிப் பக்கத்துக்கு
மூன்று வாரம் கழித்துத்தான் போனேன்.
அச்சு முடிந்த வெற்றிடத்தில் கணக்கு.
மே 12, கூட்டல் அறுநூறு.
மே 19, கூட்டல் ஆயிரத்து நானூறு.
அதன்பின் கூட்டல் குறியே காணோம்.
ஜூன், ஜூலை:
தொகை நீள நீள எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது.
ஆகஸ்டில் எண் இல்லை.
வளையல், ஒன்று.
அடுத்த வரியில், அழித்துவிட்டுத் திரும்ப எழுதியது:
மற்றதும்.

ஒன்பதாம் பக்கத்துப் 'பொறு'வை
மே மாதத்துக்கு முன்னால் எழுதினாரா
ஆகஸ்டுக்குப் பின்னாலா?
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரே பென்சில், ஒரே மழுங்கல்.

இந்தச் சனிக்கிழமை எனக்கு இரண்டு ராஜா வந்தது.
நடுவில் திறந்ததில் ஒரு ஆஸ்.
பாஷா காதைத் தொடவில்லை.
தொடவே இல்லை.
கூட்டு கூட்டு என்று மனசு கிளிப்பைத் தள்ளுகிறது.
மடித்துவிட்டேன்.
அவர் என்ன வைத்திருந்தார் என்று கேட்கவும் இல்லை;
கேட்டால் ஒரு கிளிப் அபராதம், எங்கள் சட்டம்.

எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று மீதி.
திங்கட்கிழமை இன்வாய்ஸ்களுக்குப் போதும்.