இரண்டு புள்ளி ஏழு

வியாழன் இரவு பதினொன்றே கால்.
தலவாக்கலை, பேக்கரிக்கு மேல் அறை.
கீழே நாளைய பாணுக்கு மா பிசைகிறார்கள்,
என் மேசை கொஞ்சம் அதிர்கிறது.

வழு எண் நானூற்றுப் பன்னிரண்டு.
எழுதியவர் தங்கேஸ்வரி, மேமலைத் தோட்டம், ஐந்தாம் நம்பர் மலை.
எழுதியவர் என்றால்
அவர் சொல்லச் சொல்ல மகன் தட்டியது:
"பதினெட்டு கிலோ நானூறு எடுத்தேன். தராசுலே நானே பார்த்தேன்.
போன்லே பதினேழு நானூறு. அரைப்பேர் போட்டுட்டாங்க.
மழை நாள்லே மட்டும் இப்படி."

மழை நாள்லே மட்டும்.
எங்கள் வேலையில் பாதியை
அந்த மூன்று சொல்லிலேயே அவர் முடித்திருந்தார்.
மழையில் சிக்னல் அறும்.
அறுந்தால் அதே நிறுவை இரண்டாம் முறை போகும்.
போகும்போதெல்லாம் சாக்கின் எடையைக் கழிக்கிறது எங்கள் நிரல்,
ஒரே சாக்குக்கு இரண்டு தரம்.

புவிதரன் டொரொன்டோவிலிருந்து எழுதினான்:
வளர்ச்சிக் கிளையில் அந்தப் பகுதியையே புதிதாக எழுதிவிட்டேன்,
எல்லோரும் மூன்றுக்கு வரட்டும்.
கம்பளையிலிருந்து ஷாமில்
'தெரிந்த வழு' என்று ஒரு பட்டி ஒட்டினான்.
இலக்கணத்தில் இதற்கு வழுவமைதி என்று பெயர்.
சம்பளத் துண்டில் அதற்கு இடமில்லை.

கணக்கப்பிள்ளையின் கண்ணாடி வெடித்த போனில்
மூன்று ஏறாது.
அதில் ஓடுவது இரண்டு புள்ளி ஏழு,
இந்த மாதக் கடைசியில் மூடுவதாக
நாங்கள் கைதூக்கித் தீர்மானித்த கிளை.

கவ்வாத்து வெட்டிய மலையில் மாதக்கணக்காய்க் கொழுந்து கிடையாது.
அதனால்தான் எல்லா மலையையும் ஒரே வருஷத்தில் வெட்டுவதில்லை;
ஒன்று மொட்டையாய் நிற்க, அடுத்தது சோறு போடும்.
ஜன்னலைத் திறந்தால் தெரிகிற விஷயம்.
ஆனால் உவமை இங்கே நொண்டுகிறது:
வெட்டிய தேயிலைக் கிளை எதுவும்
திரும்பி வந்து தண்டில் ஒட்டுவதில்லை.
எங்களுடையது ஒட்டியாக வேண்டும்.

புவியின் திருத்தத்தைப் பிய்த்து ஏழில் வைத்துப் பார்த்தேன்.
பதினாறு இடத்தில் முரண்.
புது வீட்டுக் கதவு, பழைய நிலையில் பொருந்தவில்லை.
விட்டுவிட்டு மூன்று வரி எழுதினேன்:
இந்த நிறுவை முன்பே வந்ததா?
வந்திருந்தால்
சாக்கைத் தொடாதே.

தொண்ணூற்றொரு சோதனையும் பச்சை.

பிறகு, சும்மாதான், அந்தக் கோப்பின் வரலாற்றை இழுத்துப் பார்த்தேன்.
போன வருஷம் ஓகஸ்ட். இரண்டு புள்ளி ஆறு.
இதே வழு.
கிட்டத்தட்ட இதே மூன்று வரி.
கொமிட் செய்தவள் நான்.

ஆறில் திருத்தியிருக்கிறேன்.
வளர்ச்சிக் கிளைக்குக் கொண்டுபோகவில்லை.
தங்கையின் கல்யாணத்துக்குக் கேக் சொல்ல
நுவரெலியா போன வாரம் அது.
அடுத்த மாதம் அங்கிருந்துதான் ஏழு பிரிந்தது,
என் மறதியையும் சுமந்துகொண்டு.

மூன்றிலாவது சரியாக இருக்கிறதா?
சோதனையை மட்டும் எடுத்துப்போய் அங்கே ஓட்டினேன்.
சிவப்பு.
புவிக்கு எழுதினேன். அங்கே பகல்.
ஐந்து நிமிடம் கழித்து ஒரு சொல் வந்தது: "ஐயோ."

பதினோரு மாதம்.
எத்தனை மழை நாள், எத்தனை மலை.
கிளைகளில் எந்தத் தேதிக்கும் திரும்பிப் போகலாம்,
ஓகஸ்டுக்கும் போகலாம், நான் இப்போதுதான் போய் வந்தேன்.
அங்கே அரைப்பேர் எதுவும் பதிவாகியிருக்கவில்லை.

இம்முறை ஏழில் ஒன்று, வளர்ச்சியில் ஒன்று,
இரண்டையும் முடித்துவிட்டுத்தான் தேத்தண்ணி.
வெளியீட்டுக் குறிப்பு:
மழை நாளில் சாக்கின் எடை இரு தரம் கழிந்தது.
முன்பே திருத்தி, விட்டுப்போனது என்னால்.
கண்டுபிடித்தவர்: தங்கேஸ்வரி, மேமலை.
பெயரை முழுதாகப் போட்டேன்.

ஷாமில் கேட்டான், "அப்போ ஏழை எப்போ மூடுறது?"
அவன் எண்ணைத்தான் சொன்னான்.
நான் கொஞ்ச நேரம் பதில் போடவில்லை.

ஒன்றரை மணிக்கு அனுப்பினேன்.
அறுபது வீதத்தில் நின்றது.
தகரத்தில் மழை இறங்கியிருந்தது,
சிக்னல் இல்லை.
காத்திருந்து
இரண்டாம் முறை அனுப்பினேன்.