இரண்டாம் வேற்றுமை

காதுக்குள் டாக்டர் முணுமுணுக்கிறார்.
ஆற்காடு சாலை, இரண்டாம் மாடி, ஸ்கேன் சென்டர்.
கேட்டதை நான் தட்டச்சு செய்கிறேன்.
ஈரல், நிழல், மில்லிமீட்டர் எல்லாம் தெளிவாக விழும்.
பிடிபடாதவை இரண்டே இரண்டு.
'எ' ஒரு மூச்சு.
'தி' பல்லில் பட்டு மீளும் நாக்கு.
டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே பேசினால்
இரண்டும் ஒன்று.

புதுசா வந்தா 'எ' போடு,
திரும்பி வந்தா 'தி' போடு என்றாள் நஸீரா,
பேரணாம்பட்டு பஸ்ஸில் வருகிறவள்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.

அஸன்ஸோலிலிருந்து வந்தவர் நுரையீரலில்
மாசியில் ஒரு நிழல் இருந்தது.
வைகாசியில் அந்த நிழல் இருந்தது.
லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து
அவர் இதைக் கவனித்திருக்க மாட்டார்.
எல்லாரும் கடைசி வரிக்குத்தான் போகிறார்கள்.

ஆறுகளுக்கு 'தி' உண்டு என்கிறது புத்தகம்.
தண்ணீர் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.
பாலத்தில் பஸ் ஊர்கிறபோது எட்டிப் பார்ப்பேன்:
மணல்கூடப் போய்விட்டது, சீமைக்கருவேலம்தான்.
ஆனாலும்
தி பாலாறு.

'வாலாஜா அருகே லாரி மோதி ஒரு ஆள் பலி.'
ஓர் ஆள் என்று இருக்க வேண்டும்.
நமக்கும் ஓர் 'ஆன்' இருக்கிறது, யார் போடுகிறார்கள்.
மறுநாள் பேப்பரில் லாரிக்கு நம்பர் வந்தது.
ஆளுக்குப் பெயர் வந்தது:
மேகவண்ணன், நாற்பத்தொன்று, முட்டை வியாபாரி.
டிரைவருக்கும் வந்தது.
தணிகைமணி.
என் வீட்டுக்காரர். குடித்திருந்தார்.

வியாழன்தோறும் அரைநாள் லீவு கேட்டு எழுதினேன்:
மை ஹஸ்பெண்ட் இஸ் இன் தி பிரிசன்.
'தி'யின் அடியில் நீலக்கோடு நெளிந்தது.
நஸீரா எட்டிப் பார்த்தாள்.
எடுத்துடுடி. அது இருந்தா
யாரையோ பாக்கப் போயிருக்காருன்னு ஆயிடும்.
இல்லாட்டிதான்
உள்ள இருக்காருன்னு அர்த்தம்.
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எடுத்தேன்.
தொரப்பாடியில் அவ்வளவு நீளச் சுவர்,
உள்ளே போனவருக்கு
மூன்றெழுத்து வைத்துக்கொள்ள இடமில்லை.
'தி' எனக்கு மட்டும்.
டோக்கன் வாங்கி, பையைத் திறந்து காட்டி,
வாரம் ஒரு தடவை.

தமிழில் இந்த வம்பெல்லாம் கிடையாது என்றிருந்தேன்.
இருக்கிறது, சொல்லின் வால் பக்கம்.
ஏழு வருஷத்துக்கு முன்னால் குடியாத்தத்தில்
எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்.
கேசரி சாப்பிட்டார், காபி குடித்தார்,
பெண் பார்த்தார்.
பக்கத்து வீட்டில் நுழைந்திருந்தாலும்
ஓர் எழுத்து மாறியிருக்காது.
பிறகு சோறு தின்றார், லாரி ஓட்டினார், பிராந்தி குடித்தார்.
ஒன்றிலும் 'ஐ' இல்லை.

இந்த வியாழன்,
கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் இருபது பேர் கத்த,
அவர் கத்தவில்லை.
முணுமுணுப்பை எழுத்தாக்குவதுதானே என் வேலை,
உதட்டைப் படித்தேன்.
'அந்த மனுஷனை தினமும் பாக்கறேன்.'
அப்புறம்,
'அவர் சம்சாரத்தைப் போய்ப் பாரு.'
பெயரைச் சொன்னார். தெருவைச் சொன்னார்.
எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேட்பதற்குள்
மணி அடித்துவிட்டது.
போகும்போது திரும்பி
என்னைப் பார்த்தார்.

ஆபீசுக்குப் போன் செய்து
முழுநாள் லீவு என்றேன்.
வாலாஜா பஸ்ஸில் ஜன்னலோர சீட்.
பக்கத்தில் யாரோ மடியில் முட்டை அட்டை,
வேகத்தடை வரும்போதெல்லாம்
என் கையும் போய் அதைப் பிடித்தது.

கதவைத் திறக்கப் போகிறவளுக்கு
நான் ஒரு பெண்.

முதல் வாக்கியம் முடிகிற வரைக்கும்.