சாய்மானம்

கல்முனையில் ஸவாஹிர் என் குரூசரை
இரண்டு தரம் சுற்றி வந்தார்.
வத்தகப்பழம் பார்க்கிற மாதிரி
விரலை மடக்கி டாங்கியில் தட்டினார்.
"அறுபத்தோராயிரம் ஓடியிருக்கு."
இடையில் ஒன்பது மாதம்
மீற்றர் செத்துக் கிடந்ததை
நான் சொல்லவில்லை.

சைலன்சரில் ஒரு வெள்ளை வடு.
"விழுந்ததா?"
"சாய்ஞ்சது."
கோமாரிக்கு இங்கால, மாரி மழை,
குறுக்கே ஒரு எருமைக்கன்று.
அந்த வடுவின் மற்றப் பாதி
நவமணியின் முழங்காலில் இருக்கிறது.
அதற்கு அவர் விலை குறைக்கவில்லை.

பதினொரு வருஷம்
காலை முன்னுக்கு நீட்டி
கதிரையில் பேப்பர் படிக்கிறவனைப்போல ஓடினேன்.
நிறுத்தினால் இரண்டு பாதமும்
முழுசாய் நிலத்தில்.
நான் ஐந்தடி நாலு என்பதை
அந்த வண்டி
ஒரு சந்தியிலும் யாருக்கும் சொன்னதில்லை.

பின்னுக்கு இருந்ததன் பெயர்தான் இருக்கை,
அளவு ஒரு பாண் துண்டு.
நவமணிக்கு மூன்று வருஷமாய் நாரிக்குத்து.
டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
"எதில போய் வாறனீங்கள்?" என்றார்.
நான் ஜன்னலால் பார்த்தேன்.
சைட் ஸ்டாண்டில் நின்றது
ஒன்றும் அறியாத பிள்ளைபோல.

வண்டியும் கொடுத்து
சீட்டுக்காசும் கொடுத்து
முப்பத்தாறு மாதத்துக்குக் கையெழுத்தும் வைத்தேன்.
கிடைத்தது ஓடுகிற வீடு:
முன்னுக்குக் காற்று மறைக்கும் கண்ணாடி,
இரண்டு பக்கமும் பெட்டி,
பின்பெட்டியோடு முதுகு சாய மெத்தை,
கை வைக்கத் தனியாய் இடம்.
"பிளேன் மாதிரிக் கிடக்கு" என்றாள் நவமணி.
அவள் பிளேனில் ஏறியதில்லை.

அக்கரைப்பற்றுச் சந்தியில் முதல் தரம் நிறுத்தினேன்.
காலை இறக்கினேன்.
நிலம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.
பெருவிரல் தேடிப்போய்த் தொட்டது,
அதற்குள் முழுப் பாரமும்
இடப்பக்கம் யோசிக்கத் தொடங்கிவிட்டது.

"மாமி, கெதியா இறங்குங்க!"
சாப்பாட்டுக் கடையிலிருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள்,
ஒருவர் வாயில் ரொட்டியோடு.
தூக்கி நிறுத்திவிட்டு
ரொட்டியை விழுங்கி முடித்துச் சொன்னார்:
"இத நிமிர்த்த ஒரு ஊர் வேணும்."

தம்பிலுவில் வீட்டு முற்றத்தில்
இரண்டு கிழமை
தடித்த அடியுள்ள சப்பாத்தோடு பழகினேன்.
பக்கத்து வீட்டுப் பொடியன்கள்
வேலியால் எண்ணினார்கள்
எத்தனை தரம் தடுமாறுகிறேனென்று.

மறுகா ஒரு ஞாயிறு, பொத்துவிலுக்கு.

பழையதில் அவள் கை என் இடுப்பில் இருக்கும்.
பிடி இறுகினால் முன்னால் பள்ளம்.
இரண்டு விரல் தட்டினால், மெதுவா.
பெல்ட்டில் சுண்டுவிரலை மட்டும் கொளுவியிருந்தால்
வீட்டில் சண்டை நடந்திருக்கிறது.
சண்டையிலும்
சுண்டுவிரல் இருந்தது.

இப்போது முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
கண்ணாடியைச் சரித்துப் பார்த்தேன்:
மெத்தையில் சாய்ந்து
வாய் கொஞ்சம் திறந்து
நித்திரை.
நாரி நோகாத முகம்.
இதுக்குத்தானே கொடுத்தேன்,
இதுக்குத்தானே.

தாண்டியடி தாண்ட, றோட்டு வெறுமை.
ஒரு காரணமும் இல்லாமல்
பிரேக்கை மிதித்தேன்.
ஹெல்மெட்டில் ஹெல்மெட் முட்டியது.
"இஞ்சேருங்க, ஆனையா?"
"மாடு" என்றேன்.

அவள் கழுத்தைக் கிறுக்கி
இரண்டு பக்கமும் பார்த்தாள்.
மணல், வெயில்,
மாட்டின் வால்கூட இல்லை.
ஒன்றும் பேசாமல் திரும்பச் சாய்ந்தாள்.

கோமாரிக்கு இங்கால,
அந்த எருமைக்கன்று வந்த இடத்தில்
என் பெல்ட்டை ஏதோ இழுத்தது.
சுண்டுவிரல் மட்டும்.

என்ன சண்டையென்று நான் கேட்கவில்லை.
எண்பதைத் தொட்டிருந்த முள்ளை
நாற்பதுக்கு இறக்கினேன்.
பின்னால் வந்த பஸ்
கோன் அடித்தபடி
எங்களைக் கடந்து போனது.