நூற்று இருபத்தாறாம் மைல்

அறுபத்து நான்கு லாரிகளுக்கும்
கண்ணாடிக்குப் பின்னால் கண் வைத்தோம்.
சாலையைப் பார்க்க ஒரு லென்ஸ்,
ஓட்டுநரைப் பார்க்க இன்னொன்று.
காப்பீட்டுக்காரர் தவணையில் எட்டு சதவீதம் குறைத்தார்.
அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

இழப்பீட்டு வழக்குகளின் மேசை என்னுடையது.
எழுபத்திரண்டு மணி நேரத்தில்
பதிவு தன்னைத் தானே தின்றுவிடும்.
அதன் வாயிலிருந்து எதைப் பிடுங்கிவைப்பது என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பிப்ரவரி. ஒகலாலாவுக்கு மேற்கே
எண்பதாம் நெடுஞ்சாலை பனிக்கட்டியாய் இறுகிய காலை.
இருபது டன் மாட்டிறைச்சியோடு
வெண்டல் கோவாண்டா
மெதுவாகத்தான் வருகிறார்.
ஏதோ பாடுகிறார், சுருதி சேரவில்லை.
நடுவிலிருக்கும் புல்மேட்டைத் தாண்டி
பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வருகிறது
ஒரு பழுப்பு பிக்கப்.
பதினோரு விநாடி.
பிறகு வானம் மட்டும், கோணலாக.

வக்கீல் லிண்ட்ஹோம் அதை நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தார்.
"தங்கம்" என்றார். "சொக்கத் தங்கம்.
வேகம் சரி, தடம் சரி, பிரேக் சரி,
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
எந்த ஜூரி நம்மைத் தொடமுடியும்?"

பன்னிரண்டாவது விநாடியிலிருந்தும் கேளுங்கள் என்றேன்.

உள் லென்ஸில் காலி இருக்கை.
ஆடி ஆடி நிற்கிறது பெல்ட்.
திறந்த கதவு வழியே பனி வந்து
அவர் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் உட்காருகிறது.
பார்க்க ஒன்றுமில்லை.
மைக்கில் மட்டும்
பூட்ஸ், காற்று, தகரத்தை இழுக்கிற சத்தம்,
அப்புறம் அவர் குரல், பத்தொன்பது நிமிடம்:
நான் இங்கேதான் இருக்கேன்,
எங்கேயும் போகலை,
மன்னிச்சிடுப்பா,
மன்னிச்சிடு.

லிண்ட்ஹோம் மஞ்சள் தாளில் கோடு போட்டு எண்ணினார்.
இருபத்தாறு.
"செய்யாத தப்புக்கு எவனாவது
இருபத்தாறு தடவை மன்னிப்புக் கேட்பானா?
அவர்கள் இதைத்தான் கேட்பார்கள்.
கண் சாட்சி சொல்ல வந்த இடத்தில்
காதுக்கு என்னம்மா வேலை?"

அழித்துவிடு என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை.
எடுத்துவை என்றும் சொல்லவில்லை.
எழுபதாவது மணி நேரம்.
நான் எடுத்துவைத்தேன்.

செப்டம்பரில், லிங்கன் நகரில்,
ஜன்னலில்லாத ஓர் அறையில் எதிர்த்தரப்புக்குப் போட்டுக் காட்டினோம்.
இறந்தவரின் அக்கா மார்னா ஆக்கர்மன்
மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.
பதினோரு விநாடிக்கு அவர் அசையவில்லை.
காலி இருக்கை வந்ததும்
அவருடைய வக்கீல் பேனாவைத் திறந்தார்,
நம்முடையவர் தண்ணீர் குடித்தார்.
மார்னா கேட்டார்:
சத்தத்தைக் கொஞ்சம் கூட்ட முடியுமா?

கூட்டினேன்.
பத்தொன்பது நிமிடமும் கேட்டார்.
ஏதோ ஓர் இடத்தில் கோட்டைக் கழற்றி
மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.
முடிந்ததும்
"அவன் தனியா இருந்தான்னு நினைச்சிட்டிருந்தேன்"
என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.
சுருக்கெழுத்துக்காரர் அதையும் தட்டச்சு செய்தார்.

வழக்கை அவர் திரும்பப் பெறவில்லை.
தொகை குறைந்தது, கையெழுத்தானது,
விவரத்தை வெளியே சொல்லக்கூடாது.

அடுத்த திங்கள் முதல்
எல்லா வண்டியிலும் மைக் அணைக்கப்படும் என்ற சுற்றறிக்கையைத்
தட்டச்சு செய்தவளும் நானே.
காரணம்: சட்டரீதியான இடரைக் குறைத்தல்.

வியாழக்கிழமைகளில் வெண்டல் அந்த வழியாகப் போகிறார்.
நான் பார்க்கவேண்டிய அவசியமில்லை, பார்க்கிறேன்.
ஒகலாலா வரைக்கும் வாய் அசைகிறது,
பாட்டாக இருக்கலாம்.
நூற்று இருபத்தாறாம் மைல் கல்லுக்குச் சற்று முன்னால்
நிற்கிறது.
கல்லைக் கடக்கும்போது ஒரே ஒரு தடவை
திரும்ப அசைகிறது.

பதிவில் ஒலி இல்லை.